வெறுங்காலும் படகின் தட்டும்

கடலில் விழுந்தவர் கதை என்றால் புயலும் பேரலையும் அதில் வரும் என்று நேயர்கள் எதிர்பார்ப்பீர்கள். நான் சொல்ல வந்த கதையில் புயல் இல்லை. மாசி மாதத்து அமைதியான காலை. தாம்பாளத்தில் வார்த்த நீரைப்போலக் கடல் அசையாமல் கிடந்தது. இடுப்பளவு ஆழங்கூட இல்லாத இடம். அங்கே, நானே என் கையால் கட்டிய படகிலிருந்து, என் மனைவியின் தம்பி வழுக்கி விழுந்தார். விழுகிற வேகத்தில் விளிம்பிலே கையை ஊன்றி, வலக்கை மணிக்கட்டை முறித்துக்கொண்டார். அவரை வீழ்த்தியது காற்றுமன்று, கடலுமன்று. நான் ஆசையோடு பூசி, ஊரெல்லாம் கூப்பிட்டுக் காட்டிய பளபளப்பான வர்ணம்.

நான் தொழில்முறையில் படகு கட்டுபவன் அல்லன். தூத்துக்குடியில் கல்லூரி மாணவர்களுக்குப் பௌதிகம் கற்பித்து ஓய்வு பெற்றவன். ஓய்வு பெற்றவர்கள் சிலர் தோட்டம் போடுகிறார்கள். சிலர் சோதிடம் பார்க்கிறார்கள். நான் வீட்டின் பின்கட்டில் ஓலைப் பந்தல் ஒன்று போட்டு, அதற்குள்ளே பதினான்கு அடி நீளத்தில் ஒரு பாய்ப்படகு கட்ட ஆரம்பித்தேன். ஒட்டுப்பலகையை, அதாவது பிளைவுட்டை, வரைபடத்தின்படி அறுத்து, ஓரங்களில் துளையிட்டு, செப்புக் கம்பியால் பலகையோடு பலகையைத் தைத்து, தைத்த மூட்டுகளின்மேல் கண்ணாடி இழை நாடாவை எபாக்ஸிப் பிசினால் ஒட்டிவிடுகிற முறை அது. இங்கிலாந்தில் 1963-ஆம் ஆண்டில் பாரி பக்னெல், ஜாக் ஹோல்ட் என்ற இருவரும் வடிவமைத்து வெளிவந்த 'மிரர்' என்னும் சிறு படகு இந்த முறையைப் பிரசித்தமாக்கியது. 'டெய்லி மிரர்' பத்திரிகை அதை ஆதரித்ததால் அந்தப் பெயர். சாதாரணக் குடும்பங்கள் தங்கள் வீட்டிலேயே கட்டிக்கொள்ளும்படி அமைந்த படகு. இதுவரை 70,000-க்கும் மேற்பட்டவை உருவாகியிருக்கின்றன. நம் பக்கத்திலும் 1980-களின் தொடக்கத்தில் பியர் ஜில்லே என்பவர் குமரி மாவட்டத்து முட்டத்தில் ஒட்டுப்பலகைப் படகுகளை மீனவர்களுக்கு அறிமுகப்படுத்தினார். அதற்கெல்லாம் முன்பே சோழமண்டலக் கரையில் மசூலாப் படகுகளைத் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்துத்தானே கட்டினார்கள்? ஆகவே, பலகையைத் தைப்பது நமக்குப் புதுமை இல்லை.

இரண்டு ஆண்டுகள் உழைத்தேன். துணைக்கு ஓர் ஓடாவியார் கிடைத்தார். ஓடாவி என்றால் மரக்கலம் கட்டும் தச்சர். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிச் சென்ற பெரிய தோணிகளில் வேலை செய்து மூத்தவர். வயதில் பெரியவராகையால் நான் அவரை 'அண்ணாச்சி' என்பேன். அவர் என்னை 'சார்' என்பார். பிளைவுட்டின்மேல் அவருக்கு அவ்வளவு மதிப்பு இல்லை. ஆனாலும் மாலை வேளைகளில் வந்து, திண்ணையில் அமர்ந்து, வெற்றிலை போட்டுக்கொண்டு, நான் செய்கிற தவறுகளை ஒவ்வொன்றாக ரசிப்பார்.

படகு முடிந்ததும் முன்தட்டுக்கும் பக்கத் தட்டுகளுக்கும் கரும்பச்சை எனாமல் பூசினேன். மூன்று பூச்சு. ஒவ்வொரு பூச்சுக்கும் இடையே நீர்த்தாள் போட்டுத் தேய்த்தேன். கடைசிப் பூச்சு காய்ந்தபோது முகம் பார்க்கலாம்போல் இருந்தது. ஓடாவியார் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, வலது உள்ளங்காலால் முன்தட்டை ஒருமுறை தடவிப் பார்த்தார்.

"சாப்பாட்டு மேசைக்கு அருமையான பூச்சு, சார்" என்றார்.

நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் தருவைகுளத்துக் கரையில் படகை இறக்கினோம். மைத்துனர் ஒரு பள்ளிக்கூடத்தில் சித்திர ஆசிரியர். நங்கூரம் போடுவதற்காக முன்தட்டில் ஏறினார். பாயில் தெறித்த நீர் தட்டில் நாலைந்து துளி சிந்தியிருந்தது, அவ்வளவுதான். ஒரு கால் முன்னே போயிற்று. மறு கால் அதைத் தொடர்ந்து போயிற்று. ஆறு வாரம் கையில் மாவுக்கட்டு. அந்தப் பருவம் முழுவதும் அவர் கரும்பலகையில் இடக்கையால்தான் படம் போட்டார். பிள்ளைகளுக்கு அது வேடிக்கையாக இருந்ததாம். என்னிடம் அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "என் கால்தான் சரியில்லை, அத்தான்" என்றார். அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்குத் தூக்கம் வந்திருக்கும். அவருடைய அக்காள், அதாவது என் மனைவி, வேறுவிதமாகச் சொன்னாள்: அந்தத் தட்டைச் சரி செய்கிறவரையில் பேத்தியின் கால் அந்தப் படகில் படக்கூடாது.

வழுக்குவது ஏன் என்று மாணவர்களுக்குப் பல ஆண்டுகள் பாடம் சொன்னவன் நான். வழவழப்பான தளத்திற்கும் பாதத்திற்கும் இடையே மெல்லிய நீர்ப்படலம் ஒன்று சிக்கிக்கொள்கிறது. அது வெளியேற வழி இல்லை. பாதம் தட்டைத் தொடுவதே இல்லை, தண்ணீரின்மேல் நிற்கிறது. தளத்தில் சிறு சிறு மேடுகள் இருந்தால் அவை நீர்ப்படலத்தைத் துளைத்துக்கொண்டு பாதத்தைத் தொடும். மேடுகளுக்கு இடையேயுள்ள பள்ளங்களின் வழியாக நீர் ஓடிவிடும். விஷயம் இவ்வளவுதான். கட்டுமரத்தைப் பாருங்கள். கயிற்றால் பிணைத்த மரக்கட்டைகள், வர்ணம் கிடையாது, உப்புநீரில் ஊறி இழை எழும்பிய மரம், கட்டைகளுக்கு இடையே இடைவெளி. எவ்வளவு நீர் ஏறினாலும் அடுத்த கணம் வடிந்துவிடும். அதன்மேல் வெறுங்காலோடு நின்று வலை இழுக்கிறவர் வழுக்குவதைப் பற்றி நினைப்பதே இல்லை. வர்ணம் பூசி அழகுபடுத்துகிற நம்மைப்போன்றவர்களுக்குத்தான் இந்தத் தொல்லை.

இங்கே ஒரு சிறு சரித்திரம் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் பால் ஸ்பெர்ரி என்பவர் தம் பாய்ப்படகின் தட்டில் வழுக்கிக் கடலில் விழுந்தார். பிறகு ஒரு நாள் அவருடைய நாய் பனிக்கட்டியின்மேல் வழுக்காமல் ஓடுவதைக் கண்டு, அதன் பாதத்தை உற்றுப் பார்த்தார். பாதத்தில் நுண்ணிய வெடிப்புகள் இருந்தன. அதேபோல ரப்பர் அடிப்பாகத்தில் கத்தியால் வளைந்து வளைந்து கீறல் போட்டு, 1935-இல் ஒரு செருப்பைக் கண்டுபிடித்தார். படகுச் செருப்பு என்று உலகமெங்கும் விற்பது அதுதான். என்னுடைய வரைபடத்தோடு வந்த அயல்நாட்டுக் குறிப்புப் புத்தகத்திலும், தட்டுக்கு நல்ல சொரசொரப்பான பூச்சுக் கொடுங்கள், படகுச் செருப்பு அணிந்துகொள்ளுங்கள் என்று எழுதியிருந்தது. அவர்கள் காலுக்கு ஒரு செருப்பைச் செய்துகொண்டார்கள். தட்டு எவ்வளவு கரடுமுரடாக இருந்தாலும் அவர்களுக்குக் கவலை இல்லை. நாமோ வெறுங்காலோடு படகில் ஏறுகிறவர்கள். வெயிலும் நமக்கு அதிகம். ஆகவே, அந்தப் புத்தகத்தின் வார்த்தையை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. இதை நான் அப்போது உணரவில்லை. அதனால்தான் இரண்டாவது தவறையும் செய்தேன்.

முதல் தவறு பெருமையால் வந்தது. இரண்டாவது ஆத்திரத்தால் வந்தது. இனி எவனும் வழுக்கக்கூடாது என்று பச்சை வர்ணத்தின்மேல் இன்னொரு பூச்சு எனாமல் போட்டு, கடற்கரையில் அள்ளி வந்த மணலைக் கை கையாக அதன்மேல் வீசினேன். வழுக்கல் போயிற்று, அதோடு தோலும் போயிற்று. முன்தட்டில் முழங்கால் ஊன்றிக் கயிறு கட்டப் போனவன் இரத்தத்தோடு எழுந்தேன். நம் தென்கரை மணலில் செம்மணிக் கல்லின் துகள், அதாவது கார்னெட், கலந்திருக்கிறது. உப்புத்தாள் செய்வதற்குப் பயன்படுகிற பொருள் அது. உப்புத்தாளின்மேல் மண்டியிட்டால் என்ன ஆகும்? போதாக்குறைக்கு, நான் வீசிய மணல் ஓரிடத்தில் குவியலாகவும் ஓரிடத்தில் வெறுமையாகவும் விழுந்திருந்தது. சொரசொரப்பான இடத்தை நம்பி எடுத்து வைத்த கால் அடுத்த அடியில் வழவழப்பில் பட்டால், முழுதும் வழவழப்பாக இருப்பதைவிட அது ஆபத்து. இரண்டு வாரத்தில் பூச்சே ஏடு ஏடாக உரிய ஆரம்பித்தது. சில இடங்களில் அடியிலிருந்த பழைய எனாமலே சரியாகக் காயாமல் பிசுபிசுத்துக் கிடந்தது.

காரணத்தைத் தேடிப் போனபோதுதான் எபாக்ஸியின் குணம் எனக்குத் தெரியவந்தது. பிசினோடு கலக்கிற கெட்டிப்பானில் அமீன் என்ற இரசாயனப் பொருள் உண்டு. பிசின் இறுகும்போது அதில் ஒரு பகுதி மேலே வந்து, காற்றிலுள்ள ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து, மெழுகுபோன்ற மெல்லிய ஏடாகப் படிந்துவிடுகிறது. கடற்கரைக் காற்றில் ஈரம் மிகுதியாதலால் இந்த ஏடும் மிகுதி. அதன்மேல் எந்த வர்ணமும் பற்றாது. எண்ணெய் எனாமல் காய்வதையும் அமீன் தடுக்கும். இந்த ஏட்டை நீக்குவதற்கு விலையுயர்ந்த திரவம் எதுவும் வேண்டாம். நல்ல தண்ணீரும் தேய்க்கிற நாரும் போதும். ஆனால் முதலில் கழுவ வேண்டும். பிறகுதான் உப்புத்தாள் போட வேண்டும். நான் கழுவாமலே தேய்த்தேன். மெழுகை நீக்குவதற்குப் பதிலாக அதைப் பலகைக்குள்ளே அழுத்தித் தேய்த்துவிட்டேன். இரண்டு ஆண்டு உழைப்பின்மேல் பத்து நிமிடம் தண்ணீர் ஊற்றாத குற்றம்!

எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துவிட்டுச் சோர்ந்து உட்கார்ந்திருந்தபோது ஓடாவியார் வந்தார். பின்கட்டில் கிடந்த அம்மிக் கல்லைக் காட்டினார்.

"அம்மி கொத்துகிறவன் எப்படிக் கொத்துகிறான், சார்? கல் முழுதும் ஒரே ஆழத்தில், ஒரே இடைவெளியில் கொத்துகிறான். ஆழமாகக் கொத்தினால் அரைக்கிற கை புண்ணாகும். கொத்தாவிட்டால் மிளகாய் வழுக்கி ஓடும். நீங்கள் முதலில் கொத்தவேயில்லை. பிறகு உளியால் உடைத்துவிட்டீர்கள்."

அன்று இரவே நான் செய்ய வேண்டியதை முடிவு செய்தேன். படகில் கை வைப்பதற்கு முன்னால், ஓரடிச் சதுரமான பலகைத் துண்டுகள் ஆறு தயாரித்தேன். ஒன்றில் பழைய பளபளப்பு எனாமல். ஒன்றில் கடற்கரை மணல். ஒன்றில் ஆற்று மணலைச் சலித்து எடுத்த நுண்மணல். ஒன்றில் இப்போது வீடு கட்டப் பயன்படுத்துகிறார்களே, பாறையை உடைத்துச் செய்த எம்-சாண்ட், அது. ஒன்றில் கடையில் வாங்கி ஒட்டிய மெத்தென்ற நுரைத் தகடு. ஆறாவதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். பௌதிக ஆசிரியன் ஆகையால் முதலில் கருவியைக் கொண்டுதான் சோதித்தேன். ஒரு செங்கல்லின் அடியில் செருப்புத் தோலை ஒட்டி, நனைத்த பலகையில் வைத்து, பலகையின் ஒரு நுனியை மெல்ல மெல்ல உயர்த்தினேன். எந்தச் சாய்வில் கல் வழுக்குகிறதோ அதை வைத்து உராய்வைக் கணக்கிடலாம். பளபளப்புப் பலகையில் சிறிது உயர்த்தியதுமே கல் ஓடிவிட்டது. எம்-சாண்ட் பலகையிலோ, பலகை வீட்டுக் கூரையைப்போல் நிமிர்ந்தும் கல் அசையவில்லை. செங்கல்லைக் கேட்டால் எம்-சாண்டுக்கே முதற்பரிசு.

பிறகு ஆறு பலகைகளையும் கிணற்றடியில் வரிசையாகப் பதித்துவிட்டேன். குளிக்கப் போகிறவர்களும் பாத்திரம் தேய்க்கிறவர்களும் அவற்றின்மேல் நடந்துதான் போக வேண்டும். சோப்பு நீர், எண்ணெய் நீர் எல்லாம் அதன்மேல் ஓடும். படகின் தட்டுக்கு இதைவிடக் கடுமையான பரீட்சை வேறு இல்லை. ஒரு மாத காலம் வீட்டார் தீர்ப்புச் சொன்னார்கள். செங்கல்லின் தீர்ப்பும் அவர்கள் தீர்ப்பும் ஒத்துப்போகவில்லை. எம்-சாண்ட் பலகையை எல்லாரும் தாண்டிப் போனார்கள். பேத்தி அதற்கு 'முள்ளுப் பலகை' என்று பெயர் வைத்தாள். உடைத்த கல்லின் துகளுக்கு மூலைகள் கூர்மை. ஆற்றில் உருண்டு வந்த மணலுக்கு மூலைகள் மழுங்கியிருக்கும். நுரைத் தகடு முதல் வாரத்தில் எல்லாருக்கும் பிடித்தது. சித்திரை வெயில் ஏறியதும் அதன்மேல் கால் வைக்க முடியவில்லை. தண்ணீர் புகுந்து ஓரமும் கிளம்பிவிட்டது. தினந்தோறும் மீன் கொண்டுவரும் அம்மாள் கூடையை இறக்கிவிட்டுக் கடற்கரை மணல் பலகையைக் கண்டு சொன்னார்: "இதிலே செதில் ஒட்டினால் ஏழு நாளைக்குப் போகாதே, ஐயா." எந்த ஆராய்ச்சிப் புத்தகத்திலும் இந்தக் குறிப்பை நான் படிக்கவில்லை. கழுவ முடியாத சொரசொரப்பு நாளடைவில் அழுக்கும் கொழுப்பும் அடைத்து மறுபடியும் வழுக்கும். ஆகவே, நிற்கிற இடத்துக்கு நுண்மணல் என்று முடிவாயிற்று.

நிற்கிற இடத்துக்கு மட்டுந்தான். படகில் நாம் நின்றுகொண்டே இருப்பதில்லை. உட்காருகிறோம், முழங்கால் ஊன்றுகிறோம், சின்னப் படகில் காற்றுக்கு ஏற்ப ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குச் சறுக்கி நகர்கிறோம். மணல் எவ்வளவு நுண்ணியதாக இருந்தாலும் வேட்டியைத் தேய்த்துக் கிழித்துவிடும். அந்த இடங்களுக்கு ஏற்றது ஆறாவது பலகை. அதில் இருந்தது உப்பு.

ஈரமான வர்ணத்தின்மேல் தூள் உப்பைத் தூவ வேண்டும். வர்ணம் உப்பைச் சுற்றி இறுகிவிடும். இறுகிய பிறகு நல்ல தண்ணீரை விட்டால் உப்புக் கரைந்து போய்விடும். அது இருந்த இடத்தில் சிறு குழிகள் மிஞ்சும். மேடுகளுக்குப் பதிலாகக் குழிகள். குழியில் நீர் ஒதுங்கும், குழியின் விளிம்பு பாதத்தைப் பிடிக்கும், தோலைக் கிழிக்காது. அயல்நாடுகளில் இதற்குச் சர்க்கரையையும் பயன்படுத்துகிறார்கள். உப்பளங்களின் நடுவே வாழ்கிற நான் சர்க்கரையைத் தேடிப் போவானேன்? ஓடாவியார்தான் பதறிப் போனார். "உப்பு மரத்துக்குள் போகாமல் இருக்கத்தானே வர்ணம் பூசுகிறோம்? நீங்கள் வர்ணத்துக்குள்ளேயே உப்பைப் போடுகிறீர்களே!" என்றார். அவருடைய அச்சத்தில் நியாயம் உண்டு. உப்பை முழுதும் கழுவாமல் அடுத்த பூச்சைப் போட்டால், அது நீரை இழுத்துக்கொண்டு கொப்புளமாகக் கிளம்பும். ஆகையால் கழுவி வழிகிற நீரை நாவில் தொட்டுப் பார்த்துக் கரிப்பு அறவே நின்ற பிறகே வேலையைத் தொடர வேண்டும். அந்தப் பரீட்சையை ஓடாவியாரே ஏற்றுக்கொண்டார். தண்ணீரில் கரையும் வர்ணத்தில் இந்த முறை நடவாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வர்ணம் காய்வதற்கு முன்பே உப்புக் கரைந்துவிடும்.

பூசிய விதத்தையும் சொல்கிறேன். சித்திரை முடிவதற்குள் முடித்துவிடத் தீர்மானித்தேன். ஆனி, ஆடியில் எங்கள் ஊரில் கச்சான் காற்று எழுந்துவிட்டால் ஈரமான வர்ணத்தில் ஊர்ப் புழுதி எல்லாம் வந்து படியும். முதலில் தட்டு முழுவதையும் நல்ல தண்ணீரால் நாரிட்டுத் தேய்த்துக் கழுவினேன். காய்ந்ததும் உப்புத்தாள் போட்டேன். தூசு துடைத்துவிட்டுக் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பார்த்தேன். தண்ணீர் தாமரை இலையில் நிற்பதுபோல் முத்து முத்தாகத் திரண்டால் மெழுகோ எண்ணெயோ இன்னும் இருக்கிறது என்று பொருள். ஒரே படலமாகப் பரவினால் தளம் தூய்மை. இரண்டு இடங்களில் திரண்டது. அங்கே மறுபடியும் கழுவினேன். பிறகு எபாக்ஸி அடிப்பூச்சு. அதன்மேல் எனாமலை விட்டுவிட்டு, இரண்டு பாகமாக வந்து கலந்து பூசுகிற பாலியூரிதேன் வர்ணம். இது உறுதியானது, வெயிலைத் தாங்கும். எபாக்ஸிக்குத் தானாக வெயிலைத் தாங்கும் சக்தி இல்லை. மேலே வர்ணம் இருந்தால்தான் பிழைக்கும். ஆனால் இந்த வர்ணத்தின் கெட்டிப்பானில் ஐசோசயனேட் இருக்கிறது, நுரையீரலுக்குப் பகை. தெளிப்பானால் அடிப்பது நம்மைப்போன்றவர்களுக்கு வேண்டாத விஷப்பரீட்சை. உருளையாலும் தூரிகையாலும், திறந்த வெளியில், தகுந்த வடிகட்டியுள்ள முகமூடியும் கையுறையும் அணிந்து பூசினேன். அந்த நாட்களில் பேத்தியைப் பின்கட்டுக்கே வரவிடவில்லை.

நிறம் வெளிர் சாம்பல். கரும்பச்சைத் தட்டு வெயிலில் காலைச் சுட்டது மட்டுமன்றி, அடியிலுள்ள எபாக்ஸியையும் இளக்கக்கூடும். வீட்டுச் சூட்டில் இறுகிய எபாக்ஸி 50, 60 டிகிரி செல்சியசுக்குமேல் தன் உறுதியை இழக்கத் தொடங்கிவிடும். வெள்ளையோ கண்ணைக் கூசச் செய்யும். இரண்டுக்கும் நடுவே போக வேண்டியதாயிற்று.

மணல் பூச வேண்டிய இடங்களைச் சுற்றி ஒட்டு நாடாவை ஒட்டினேன். தட்டின் விளிம்பிலும், கயிறு கட்டும் முளைகளைச் சுற்றியும், மூடிகளின் ஓரத்திலும் ஒன்றரை அங்குல அகலத்துக்கு வழவழப்பாகவே விட்டுவிட வேண்டும். அந்த ஓரத்தில்தான் நீர் ஓடி வடியும். முளைகளின் அடியில் நீர் புகாமல் பசை வைத்து அடைக்கவும் வழவழப்பான தளமே ஏற்றது. நாடாவின் மூலைகளை ஒரு டம்ளரின் வாயை வைத்து வட்டமாக வெட்டினேன். கூரிய மூலையிலிருந்துதான் பூச்சு முதலில் உரியத் தொடங்கும்.

மணலை உப்பும் களிமண்ணும் போக நல்ல தண்ணீரில் பலமுறை அலசி, இரும்புச் சட்டியில் வறுத்து, ஆறவைத்தேன். இந்த வர்ணத்துக்கு ஈரம் ஆகாது. வெள்ளை ரவையின் பருமன்தான் அளவு. ரவைச் சல்லடையில் இறங்கி, மாவுச் சல்லடையில் நிற்பதை மட்டும் எடுத்துக்கொண்டேன். வர்ணத்திலேயே மணலைக் கலந்து பூசலாமே என்று கேட்கலாம். கலக்கலாம், ஆனால் மணல் அடியில் தங்கிவிடும். முதல் கையில் வெறும் வர்ணமும் கடைசிக் கையில் வெறும் மணலுமாக வரும். தூவுவதே நல்லது. முகப்பவுடர் டப்பாவில் மணலை நிரப்பிக்கொண்டு நான் தூவ ஆரம்பித்தேன். இரண்டு கைக்குள்ளேயே திட்டுத் திட்டாக விழுந்தது. வாயிற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, நான் நீட்டிய முகமூடியையும் கட்டிக்கொண்டு வந்து டப்பாவை வாங்கிக் கீழே வைத்தாள். வெறுங்கையால் மணலை அள்ளி, தோள் உயரத்திலிருந்து, விரல்களுக்கு இடையே வழியவிட்டாள். நாற்பது ஆண்டுகள் வாசலில் கோலம் போட்ட கை. அடியிலுள்ள வர்ணமே தெரியாதபடி முன்தட்டு முழுதும் ஒரே சீராக மணல் மூடிற்று. வேண்டியதைவிட அதிகமாகத் தூவ வேண்டும் என்பதுதான் இதில் இரகசியம். தனக்கு வேண்டிய அளவை வர்ணம் பிடித்துக்கொள்ளும். அழுத்தக் கூடாது. வர்ணம் இறுகுவதற்கு முன்பே நாடாவை உரித்தேன். அதிகாலைப் பனி உலர்ந்த பிறகு ஆரம்பித்து, பத்து மணிக்குமுன் முடித்தோம். வெயில் ஏறினால் கலந்த வர்ணம் பாத்திரத்திலேயே கெட்டியாகிவிடும். ஆகையால் சிறிது சிறிதாகத்தான் கலந்தேன்.

மறுநாள் ஒட்டாத மணலைப் பெருக்கி எடுத்தோம். துருத்திக்கொண்டிருந்த முனைகளைப் பழைய உப்புத்தாளால் இலேசாகத் தட்டிவிட்டு, மணலை உள்ளே வைத்துப் பூட்டுவதுபோல இரண்டு மெல்லிய பூச்சுக் கொடுத்தேன். மூன்றாவது பூச்சுக்கு ஆசைப்பட்டேன். ஓடாவியார் கையைப் பிடித்து நிறுத்தினார். வர்ணம் கூடினால் பள்ளம் தூர்ந்துபோகும். உட்காரும் பலகைகளுக்கு வறுத்த தூள் உப்பு. அதையும் மனைவியே தூவினாள். இரண்டு நாள் கழித்துக் கழுவினோம். ஓடாவியார் ஐந்து முறை நாவில் தொட்டுப் பார்த்து, ஆறாவது முறை தலையை அசைத்தார். அதன்மேல் ஒரே ஒரு மெல்லிய பூச்சு.

இந்தப் பூச்சு நிரந்தரம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அம்மியைப்போல இதையும் அவ்வப்போது கொத்தியாக வேண்டும். கரையிலிருந்து தாவி ஏறுகிற இடத்தில் என் படகில் ஓராண்டுக்குள்ளேயே மணல் தேய்ந்துவிட்டது. அந்த ஒரு கட்டத்தை மட்டும் நாடா ஒட்டி மறுபடியும் பூசினேன். கட்டம் கட்டமாகப் பிரித்துப் பூசியதில் இது ஓர் ஆதாயம்.

கச்சான் ஓய்ந்து, புரட்டாசியில் மறுபடியும் தருவைகுளம் போனோம். மைத்துனரும் வந்தார், அழைத்தபோது மறுக்கவில்லை. ஆனால் படகுக்கு வெளியே மணலிலேயே சிறிது நேரம் நின்றார். நான் ஒரு வாளி கடல்நீரை முன்தட்டில் கொட்டினேன். பேத்தி எங்கள் யாரையும் கேளாமல் அதன்மேல் ஏறி முன்னும் பின்னும் நடந்தாள். என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. பிறகு மைத்துனரும் ஏறினார். அரை மைல் தூரம் போனதும் நங்கூரத்தை எடுத்துக்கொண்டு முன்தட்டுக்குப் போனார். நான் அவருடைய கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கால்களைப் பார்க்கவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டு நடந்தார். நங்கூரத்தை இறக்கி, கயிற்றை முளையில் சுற்றிவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார். முறிந்த கையால் பலகையின் உப்புக் குழிகளைத் தடவிப் பார்த்தார்.

"எல்லாம் சரிதான், அத்தான்" என்றார் சித்திர ஆசிரியர். "ஆனால் அந்தப் பழைய பச்சை இதைவிட அழகு."